சோறும் பேச்சும் ஒரே நேரத்தில்: மலையில் வளரும் பிள்ளையின் மூளைக்கு முதல் ஆயிரம் நாள்

சத்து குறைந்தால் பிள்ளையின் உடம்பு மெலியும்; அது பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும். மூளை பின்தங்குவது அப்படித் தெரிவதில்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, மூலையில் உட்கார்ந்து உடம்பை ஆட்டிக்கொண்டே இருக்கிறது என்ற பிறகுதான் வீட்டில் கவலை தொடங்குகிறது. அப்போதும் "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று சொல்லி இன்னும் ஒரு வருஷம் ஓடிவிடும். குன்னூர், கோத்தகிரி, பந்தலூர் பக்கத்துத் தோட்ட லைன் வீடுகளிலும் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலும் பிள்ளை வளர்க்கும் அம்மா, பாட்டி, காப்பக ஆயா, அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் இவர்களுக்காக இது எழுதப்படுகிறது. கருவில் 270 நாள், பிறந்த பின் 730 நாள் என்பதுதான் அந்த ஆயிரம் நாள் கணக்கு.

மூளைக்குள் நடப்பது

பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 34 செ.மீ. ஒரு வயதில் 45, 46. முதல் ஆண்டில் பதினொரு சென்டிமீட்டருக்கு மேல் கூடுகிற தலை, இரண்டாம் ஆண்டில் இரண்டு சென்டிமீட்டர்தான் கூடுகிறது. இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்கள் மூளையின் முக்கால் அளவை எட்டிவிடுகிறது. இந்த வயதில் ஓய்வாகப் படுத்திருக்கும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் பாதிக்குமேல் மூளைக்கே போகிறது. அதனால்தான் அரைவயிற்றுக் கஞ்சி கை, காலை மெலியவைப்பதோடு நிற்பதில்லை.

நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று இணைப்புப் போட்டுக்கொண்டே போகின்றன. பார்வைப் பகுதியில் இந்த இணைப்புகள் எட்டு மாத வாக்கில் உச்சத்தைத் தொடுகின்றன. திட்டமிடுதல், பொறுமை ஆகியவற்றைக் கவனிக்கும் முன்மூளையில் அதற்குப் பல மாதங்கள் கழித்து. பிறகு கழிப்பு தொடங்கும். ஒலி, வெளிச்சம், தொடுகை, மறுமொழி வந்துகொண்டிருக்கும் இணைப்பு உறுதிப்படும். எதுவும் வராதது, நடமாட்டமற்ற ஒற்றையடிப் பாதையை உண்ணிச்செடி மூடுவதுபோல் அடைபட்டுப் போகும். 1960-களில் ஹூபெல், வீசல் என்ற இரண்டு மூளை ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரம் மூடிவைத்துத் திறந்து பார்த்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. மூளை அந்தக் கண்ணைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியிருந்தது. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மூடினால் ஒன்றும் ஆகவில்லை. 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்த ஆய்வுகளில் இதுவும் சேரும். பிறவிக் கண்புரையோடு பிறந்த பிள்ளைக்கு ஐந்து வயதில் அறுவை செய்து புரையை எடுத்தாலும் முழுப் பார்வை வராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

சத்துக்களில் மூளையை நேரடியாகத் தொடுபவை என்று முதலில் இரண்டைச் சொல்லவேண்டும். நரம்பு இழைமேல் படியும் கொழுப்புறை உருவாக இரும்பு வேண்டும். அந்த உறை சரியாகப் படியாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும். கோஸ்டாரிக்காவில் குழந்தைப் பருவத்தில் நீண்டகால இரும்புக்குறை இருந்தவர்களை 19 வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து கொடுத்து இரத்தம் சரியான பிறகும் அறிவுத்திறன் தேர்வுகளில் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். ஆகவே இரத்தசோகை வந்தபின் மருந்து கொடுப்பதைவிட வராமல் பார்ப்பதுதான் மூளைக்கு லாபம். அடுத்தது அயோடின். கருவிலேயே தைராய்டு சுரப்பு குறைந்தால் நரம்புச் செல்கள் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போவதே தடுமாறும். மழை அடித்துக் கழுவும் மலைமண்ணில் அயோடின் குறைவு என்பதால் இங்கே விளையும் காய்கறியை நம்பி இருக்க முடியாது.

உணவு மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. ஜமைக்காவில் 1980-களின் பிற்பகுதியில் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, சிலருக்குப் பால்மாவு, சிலருக்கு வாரம் ஒருமணி நேரம் தாயோடு சேர்ந்து விளையாட்டுப் பயிற்சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை என்று இரண்டு ஆண்டு பார்த்தார்கள். அந்த இரண்டாண்டில் இரண்டும் பெற்றவர்களே அதிகம் முன்னேறினார்கள். இருபது ஆண்டு கழித்தோ, விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பளம் மற்றவர்களைவிடச் சுமார் கால்பங்கு கூடுதலாக இருந்தது. பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த வேறுபாடு நிற்கவில்லை. ருமேனிய அனாதை விடுதிகளில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கே வேளைக்கு உணவு போனது, ஆனால் தொட்டிலோடு கிடந்த பிள்ளையிடம் பேச ஆளில்லை. அவர்களில் சிலரைக் குடும்பங்களில் ஒப்படைத்துப் பின்தொடர்ந்த புக்காரெஸ்ட் ஆய்வில், இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களின் மூளை மின்னலைகள் சாதாரணப் பிள்ளைகளுடையதை நெருங்கின. பிறகு போனவர்களுக்கு அந்த அளவு மீளவில்லை.

முதலில் காதும் கண்ணும்

உணவைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லவில்லை. ஆனால் காதுக்கும் கண்ணுக்கும் கெடு இருக்கிறது, அதனால் அவை முன்னே வருகின்றன.

காதுக்குக் கெடு 1, 3, 6: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ சிகிச்சையோ தொடக்கம். முதல் சோதனையான ஓ.ஏ.இ. (உட்செவி ஒலிக்கு மறுமொழி தருகிறதா என்று பார்ப்பது) இரண்டு மூன்று நிமிஷ வேலை, வலி கிடையாது, பிள்ளை தூங்கும்போதே செய்யலாம். பிரசவமான மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். குறைமாதத்தில் பிறந்தது, எடை 1.5 கிலோவுக்குக் கீழ், கடும் மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல், சொந்தத்தில் காது கேளாதவர் என்று ஏதாவது இருந்தால் ஓ.ஏ.இ. தேறினாலும், ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையும் வேண்டும். உட்செவி நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. அதைக் காட்டாது.

ஐந்து, ஆறு மாதப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, இன்னொருவர் முன்னால் நின்று ஒரு பொம்மையைக் காட்டி, பிறகு மறைத்துவிட வேண்டும். மூன்றாமவர் பிள்ளையின் பக்கவாட்டில், கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு முழத் தூரத்தில் டம்ளருக்குள் ஸ்பூனை மெல்ல உரசவேண்டும். திரும்புகிறதா பாருங்கள், அடுத்த காதுக்கும் செய்யுங்கள். கை தட்டினால் காற்று கன்னத்தில் படும், பிள்ளை அதற்குத் திரும்பும். விளக்கு முதுகுப்பக்கம் இருந்தால் நிழல் விழும், அதற்கும் திரும்பும். மடியில் வைத்திருப்பவர் தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாய்வதும் உண்டு. வீட்டுச் சோதனையில் "கேட்கவில்லை" என்று வந்தால் உடனே போகவேண்டும். "கேட்கிறது" என்று வந்தாலும் மருத்துவச் சோதனைக்கு அது ஈடாகாது.

பிறவியில் நன்றாக இருந்த காதும் இங்கே கெடுகிறது. விறகடுப்புப் புகை, விடாத சளி, படுக்கவைத்துக் குப்பிப்பால் கொடுப்பது இந்த மூன்றும் சேர்ந்தால் நடுக்காதில் நீர் கோர்த்துச் சீழாகிறது. சீழ் வடியும் மாதங்களில் பிள்ளை கேட்பது பாதிச் சொல்தான், பேச்சும் அதற்கேற்பவே வரும். வடிந்தால் சுத்தமான பருத்தித் துணியைத் திரியாகச் சுருட்டிக் காதுக்குள் வைத்து, நனைந்ததும் எடுத்து, புதுத்திரி வைத்து, காய்ந்து வரும்வரை மாற்றுங்கள். நாளைக்கு மூன்று தரம். தேங்காயெண்ணெய், பூண்டு காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால் எதையும் ஊற்றக்கூடாது. கிழிந்த செவிப்பறை வழியே அது உள்ளே போகும். துணித்திரி கைவைத்தியம் சரி, ஆனாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். காதுக்குப் பின்னால் வீங்கி வலித்தால் அன்றைக்கே.

கண்ணுக்கு எளிய வழி ஒரு போன் கேமரா. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்ணின் பாவை சிவப்பாக, மற்றது வெள்ளையாக விழுந்தால் கண்புரையாகவோ கட்டியாகவோ இருக்கலாம். ஊசி போடும் தேதிவரை காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். அடர்த்தியான பிறவிப் புரைக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அறுவை என்பதே நல்ல கணக்கு. மூன்று மாதத்தில் முகத்தைப் பின்தொடராத பார்வை, ஆறு மாதத்துக்குப் பின்னும் நிலையாக நிற்கும் மாறுகண் இரண்டையும் விடக்கூடாது. "மாறுகண் ராசி" என்று சொல்பவர்களிடம் சண்டைக்குப் போகவேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் போதும். வைட்டமின் ஏ சொட்டு ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம். கேத்தியிலும் மன்னவனூரிலும் கேரட் மூட்டை மூட்டையாக லாரி ஏறுகிறது. வீட்டுக்கு ஒதுக்கிய நாலு கேரட்டை வேகவைத்து மசித்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துக் கொடுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் அதிலுள்ள சத்தில் பெரும்பகுதி குடலைத் தாண்டாது.

குளிர் தின்னும் சாப்பாடு

உதகை, கொடைக்கானல் இரவுகளில் பிள்ளை உண்ட சக்தியில் ஒரு பங்கு உடம்பைச் சூடாக வைக்கவே போய்விடுகிறது. குறை எடைப் பிள்ளைக்கு அது பெரிய பங்கு. புறங்கையால் முதலில் வயிற்றையும் பிறகு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் சரி. வயிறு சூடாக, பாதம் ஜில்லென்று இருந்தால் உடம்பு குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது. உடனே தாயின் மார்போடு அணைக்கவேண்டும். இரண்டும் ஜில்லென்றால் ஆபத்து. எடை 2.5 கிலோவுக்குக் கீழ் பிறந்த பிள்ளையைக் குல்லாய், அணையாடை, காலுறை மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்புக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, மேலே கம்பளியால் கட்டுங்கள். அம்மா களைத்தால் அப்பாவோ பாட்டியோ அப்படி அணைத்துக்கொள்ளலாம். கதகதப்போடு தொடுகையும் இதயத்துடிப்பின் ஒலியும் கிடைக்கின்றன. குறைமாதப் பிள்ளையின் மூளைக்கு இதைவிட நல்ல மருந்து மலையில் விலைக்குக் கிடைக்காது.

கரி போட்ட கணப்புச் சட்டியை மூடிய அறையில் வைக்காதீர்கள். வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு மூளைக்குப் போகும் ஆக்சிஜனைத் தடுக்கிறது, உயிரையே எடுத்துவிடும்.

குளிரைச் சொல்லி நாள் முழுக்கக் காது, கை, கண் எல்லாம் மூடிச் சுற்றிவைப்பதும் பாதகமே. வெயில் வந்ததும் கையை வெளியே விடுங்கள், குல்லாயைக் காதுக்கு மேல் தூக்கிவிடுங்கள். இருட்டு லைன் வீட்டில் தொட்டிலை வாசல் பக்கம் நகர்த்துவதற்குக் காசு ஆகாது.

தண்ணீர்க் கஞ்சிக் கணக்கு

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு. 6–8 மாதத்தில் தாய்ப்பால் போக மேலுணவிலிருந்து நாளைக்குச் சுமார் 200 கலோரி, 9–11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550 வேண்டும். ஏழு கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மி.லி. வாங்கும். ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவை ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ச்சினால் கிடைப்பது நாற்பது கலோரிக்கும் குறைவு. வயிறு முட்டிப்போகும், பிள்ளை அழாது, "நல்லா குடிச்சிச்சு" என்று தோன்றும். மூளைக்கு அன்று ஒன்றும் போயிருக்காது.

மாற்று இதோ. கேழ்வரகு 300 கிராம், பாசிப்பயறு 100 கிராம், நிலக்கடலை 50 கிராம். சுருங்கிய, பூத்த, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் போகாது. தனித்தனியாக வறுத்து அரைத்துச் சலிக்கவேண்டும். ஒரு வேளைக்கு 25 கிராம் மாவு, அதாவது தட்டையாக இரண்டரை மேசைக்கரண்டி. 200 மி.லி. தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சுண்டக் காய்ச்சி, இறக்கியபின் ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ, அதோடு ஒரு டீஸ்பூன் வெல்லமும் சேர்த்தால் ஏறத்தாழ 150 கலோரி. ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடக்கூடாது, மெல்ல நழுவவேண்டும். அதுதான் பதம்.

கெட்டியாக இருப்பதால் எட்டு மாதப் பிள்ளை துப்புகிறது என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள், முளைமாவு போடுங்கள். கேழ்வரகைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் கீழ்நாட்டில் ஒன்றரை நாளில் முளை வரும். உதகை மார்கழியில் மூன்று நாள்கூட ஆகும், அதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே மூட்டையை அடுப்பங்கரைச் சூட்டில் வைத்து, நாளைக்கு இரண்டு முறை அலசுங்கள். கருப்பாகவோ பச்சையாகவோ பஞ்சு படிந்தால் மொத்தத்தையும் கொட்டவேண்டியதுதான். மூடுபனியில் காயவைக்க வெயில் இராது என்று வாணலியில் சிவக்க வறுக்கிறார்கள். வேலை கெடுவது அங்கேதான். முளையிலுள்ள நொதி அந்தச் சூட்டில் செத்துப்போகும். பிறகு அது வெறும் மாவு. அடுப்பு அணைந்தபின் மேல்தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டில் உலர்த்துங்கள். கஞ்சியைக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கி, ஆனால் இன்னும் நல்ல சூடாக இருக்கும்போது அரை டீஸ்பூன் முளைமாவைக் கலக்கி ஐந்து நிமிஷம் மூடிவையுங்கள். கூழ் இளகி வழியும், கலோரி குறையாது. பச்சை மாவு சேர்ந்திருப்பதால் மறுபடி ஒரு கொதி விட்டே ஊட்டவேண்டும்.

2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு நறுக்கென்றே நிற்கும். குக்கரில் இரண்டு விசில் கூட்டிவிடுங்கள். வேகாத பருப்புதான் "பருப்பு ஒத்துக்கல" என்று பெயர் வாங்குகிறது.

நன்றாக வெந்த முட்டை நாளைக்கு ஒன்று, வாரம் ஓரிரு முறை ஈரல் ஒரு துண்டு, கீரையோடு ஒரு சொட்டு எலுமிச்சை. ஒரு வயதுக்குள் தனி உப்பு வேண்டாம்; அயோடின் தாய்ப்பால் வழியே வரவேண்டும், ஆகவே அம்மாவின் குழம்பில் அயோடின் உப்பு இருக்கவேண்டும். கல்லுப்பு பெரும்பாலும் அயோடின் சேராதது. பாக்கெட் உப்பையும் ஈரக்காற்றில் திறந்து அடுப்புக்கு மேல் வைத்தால் அயோடின் குறைந்துபோகும். மூடிய டப்பாவில் வைத்து, சமையல் முடியும்போது போடுங்கள். மலைத்தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் பச்சைக் குடலில் முளைத்து, நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும்.

இனி டீ. தேயிலை விளையும் ஊரில் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனால் வர்க்கியை டீயில் தோய்த்து எட்டு மாதப் பிள்ளைக்கு ஊட்டுவதுதான் இந்த மலையில் நாங்கள் அதிகம் கவலைப்படும் பழக்கம். டீயிலுள்ள டானின் சாப்பாட்டு இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்தோடு வெளியே போகும். இரண்டு வயதுவரை டீயே வேண்டாம். கொழுந்து பறிக்கும் கர்ப்பிணிக்கு டீயை விடச்சொன்னால் நடக்காது. சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒருமணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். அது நடக்கும்.

ஊட்டும்போது பேசுங்கள்

விளையாட்டுக்குத் தனி நேரம் ஒதுக்கச் சொன்னால், காலை எட்டுக்குக் கொழுந்துக்குப் போய் மாலை திரும்பும் தாய் சிரிப்பாள். ஒதுக்கத் தேவையில்லை. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் எப்படியும் நடக்கிறவை. அவற்றை வாய்மூடிச் செய்யாமல் இருந்தால் போதும்.

செய்முறை சின்னது. பிள்ளையை எதிரே, கண்ணுக்கு நேராக உட்காரவையுங்கள். ஸ்பூனைக் காட்டி, "பாரு தங்கம், மஞ்சக்கரு. வேணுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஐந்து எண்ணும் நேரம். அது கையை ஆட்டும், "ஊ" என்னும், வாயைத் திறக்கும். "ஓ, வேணுமா! இந்தா" என்று கொடுங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது அந்தக் காத்திருப்பைத்தான். கேள்வி கேட்ட வேகத்தில் வாயில் திணித்துவிடுகிறார்கள். பிள்ளையின் சத்தத்துக்குப் பதில் வருகிறது என்று மூளை கற்பது அந்த ஐந்து நொடியில். மூக்கைப் பிடித்து ஊற்றுவது புரையேறவைக்கும், சாப்பாட்டையே வெறுக்கவைக்கும்.

வீட்டு மொழியிலேயே பேசுங்கள். படுகு, பணியர் மொழி, குறும்பர் மொழி, மலையாளம், கன்னடம் எதுவானாலும் அம்மாவுக்குத் தடையில்லாமல் வரும் மொழியில்தான் சொல்வளம் இருக்கும். பள்ளிக்கு உதவும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் பத்துச் சொல்லை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்வது பட்டினிதான்.

மூன்று மாதம்வரை முகமும் குரலும் போதும். ஆறு மாதத்தில் பிடிக்க ஏதாவது: மரக்கரண்டி, கழுவிய டம்ளர், துணிப்பந்து. ஒன்பது மாதத்தில் பொருளைத் துணிக்கடியில் ஒளித்துத் தேடவிடுங்கள். ஒரு வயதில் டப்பாவுக்குள் போடுவது, எடுப்பது. ஒன்றரையில் "மூக்கு எங்கே", இரண்டில் "பெரிய டம்ளர் எடு, சின்ன டம்ளர் எடு". வாயில் போனால் தொண்டையில் சிக்கும் அளவிலுள்ள எதுவும் வேண்டாம். தேயிலைக் கொட்டையும் அதில் சேரும். போன் இதற்கு மாற்றாகாது. உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. காரணம் எளிது, போன் காத்திருந்து பதில் சொல்லாது.

காப்பகத்தில் ஒரு ஆயாவிடம் பத்துப் பிள்ளைகள் இருந்தால், எல்லோரையும் வரிசையாகப் படுக்கவைத்து அமைதியாக வைத்திருப்பதுதான் நல்ல காப்பகம் என்று கண்காணிக்கு ஒரு நினைப்பு. அமைதியான காப்பகத்தைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெயர் சொல்லி, முகம் பார்த்து, ஒரு வேளை உணவு. இந்த ஒன்றை மட்டும் விதியாக்கினாலே நிறைய மாறும்.

ஸ்வெட்டரைக் கழற்றி அளவெடுங்கள்

எடை போடும்போது ஸ்வெட்டர், குல்லாய், சால்வை எல்லாம் சேர்ந்து கால் கிலோவுக்குமேல் ஏமாற்றும். மெலிந்த பிள்ளை வளர்ச்சி அட்டையில் தேறிவிடும். அடுப்புப் பக்கத்திலோ வெயில் வந்த பிறகோ கழற்றி எடுங்கள். கைச் சுற்றளவு இடது மேற்கையில், தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், கை தளர்வாகத் தொங்க, நாடா தோலை அழுத்தாமல். 6 மாதம் முதல் 5 வயதுவரை 11.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் கடும் குறைபாடு, 11.5–12.5 மிதமானது. பிறகு இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். இரண்டிலும் குழி நின்றால், பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாலும் அது கடும் குறைபாடே. அட்டைக் கோடு இரண்டு மாதம் ஏறாமல் படுத்திருந்தால் நிறம் மாறும்வரை காத்திருக்காதீர்கள்.

கடும் குறைபாட்டோடு வீக்கம், காய்ச்சல், சோர்வு, விடாத வாந்தி, சாப்பிட மறுப்பு ஏதாவது இருந்தால் வீட்டில் வைத்து ஊட்டித் தேற்ற முயலவேண்டாம். திடீரென்று நிறைய உணவு போனால் இரத்தத்தின் உப்புச்சத்துகள் சரிந்து இதயம் நிற்கலாம். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை, விழிப்பாக இருந்தால், மூன்றரை மேசைக்கரண்டி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் குவித்த சர்க்கரை கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாயின் மார்போடு கட்டிச் சூடாக வைத்துக் கீழே இறக்குங்கள். மலைச்சாலையில் போகும் அந்த இரண்டு மணி நேரத்தில் சர்க்கரையும் சூடும் சரிவதுதான் கொல்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் வாரம் இரும்பு டானிக் கூடாது. சிக்கலில்லாத பிள்ளைக்கு அங்கன்வாடி வழியே சிறப்பு ஊட்ட உணவு கிடைக்கும். 'ஊட்டச்சத்தை உறுதிசெய்' திட்டம் 2022-ல் நீலகிரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது, கேட்டு வாங்குங்கள்.

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஒரு மலைக் கணக்கு

காற்று மெலிந்த உயரத்தில் உடம்பு தானாகவே சிவப்பணுவைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே உதகையில் எடுத்த 11 கிராம் ஹீமோகுளோபின் கோயம்புத்தூரில் எடுத்த 11 ஆகாது. 2,000 மீட்டருக்கு மேல் குறைந்தது 0.8 கழித்துவிட்டுத்தான் 11-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கவேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை இரும்பு டானிக் வாரம் இரண்டு நாள் 1 மி.லி.; குடற்புழு மாத்திரை ஒன்று முதல் இரண்டு வயதுவரை அரை, அதற்குமேல் முழுசு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மலம் கறுத்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ஒழுங்காகக் கொடுத்தும் இரண்டு மாதத்தில் அளவு ஏறவில்லை என்றால், கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரிவாள் செல் நோய்க்கு (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) சோதனை செய்யவேண்டும். இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டது 1952-ல் நீலகிரியில்தான். கை, கால் விரல் வீங்கி அழுவது முதல் அறிகுறியாக இருக்கும். இந்த நோயில் மூளை இரத்தக்குழாய் அடைபடுவது சிறு வயதிலேயே நடக்கக்கூடும். இரும்பு டானிக்கை மேலும் மேலும் ஊற்றுவது அதைத் தடுக்காது.

தாமதமாக வந்த பிள்ளைக்கு

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை, ஒரு வயதில் "பபப, மமம" என்ற மழலை இல்லை, ஒன்றரையில் நடக்கவில்லை, இரண்டில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்க்கவில்லை, எந்த வயதிலும் இருந்த பேச்சு நின்றுபோனது இவற்றில் ஒன்று இருந்தால் மாவட்டத்திலுள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு எழுதிவாங்கிப் போங்கள். மூன்று வயதாகிவிட்டது என்று கைவிட வேண்டாம். பார்வைக்கும் காது கேட்பதற்கும் வாசல் குறுகியிருக்கும். சொல்வளம், கைத்திறன், ஒட்டுதல் ஆகியவை பல ஆண்டு திறந்தே இருக்கும். எந்தப் பேச்சுப் பயிற்சிக்கும் முன்னால் காதுச் சோதனை முடிந்திருக்கவேண்டும். கேட்காத பிள்ளைக்கு ஆறு மாதம் பேச்சுப் பயிற்சி கொடுப்பது நேர விரயம். கடும் கேளாமைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி (அறுவை செய்து உட்செவியில் வைப்பது) பொருத்தலாம். இரண்டு வயதுக்குள் பொருத்தினால் பேச்சு நன்றாக வரும், ஆகவே ஆறுவரை அவகாசம் இருக்கிறது என்று எண்ணவேண்டாம்.

காதுக் கருவி கிடைத்தபின் மலையில் அது பழுதாவது பெரும்பாலும் ஈரத்தால். இரவு கழற்றியதும் பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்; பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பிள்ளை வளர வளரக் காதுக்குள் பொருந்தும் காது அச்சு சிறிதாகிவிடும். "கீ" என்று விசில் சத்தம் வரத்தொடங்கினால் கருவி கெட்டுவிட்டது என்று பெட்டியில் பூட்டிவைக்கிறார்கள். கெட்டது அச்சுதான். புது அச்சுக்கு அளவு கொடுக்கப் போகும் நாளை, கூடலூர் பக்கம் ஆடி மழைக்கு முன்பும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழைக்கு முன்பும் வைத்துக்கொள்ளுங்கள். மண் சரிந்து சாலை அடைத்தால் இரண்டு மூன்று வாரம் பிள்ளைக்குக் கேட்காமல் போகும்.